கிரிப் வாங்குவதற்கு முன்னால் எந்த விரல் மரத்துப்போகிறது என்று பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பழைய மவுண்டன் பைக் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், தோட்டத்து வீட்டிலிருந்து பட்டணத்துக்கு வேலைக்கு அதில்தான் வருகிறீர்கள், வாரக் கடைசியில் கூட்டாளிகளோடு கோலாகங்சார் வரைக்கும் போகிறீர்கள். கொஞ்ச நேரம் ஓட்டியதுமே சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. கடையில் ஜெல் வைத்த தடித்த கிரிப்பை, அதாவது ஹேண்டிலின் கைப்பிடி உறையைக் காட்டி, இதைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதை வாங்கலாமா, வீட்டிலேயே மாட்ட முடியுமா, அப்படியே அப்பாவின் கறுப்புச் சைக்கிளுக்கும் ஒரு ஜோடி எடுத்துவிடலாமா?

அந்த ஜெல் கிரிப்பை வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சுண்டுவிரல், மோதிர விரல் இரண்டும் மரத்துப்போகிறது என்றால் அழுத்தப்படுவது அல்நார் நரம்பு. முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் சுரீரென்று இழுக்குமே, அதே நரம்புதான். அது மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில் ஒரு சின்ன இடுக்கு வழியாகக் கைக்குள் நுழைகிறது. 1861இல் அதை விவரித்து எழுதிய பிரெஞ்சு மருத்துவர் குயோன் பெயரில் அதைக் குயோன் கால்வாய் என்கிறார்கள். ஹேண்டில்பார் நேராகப் போய் அழுத்துகிற இடம் சரியாக அதுதான். மாறாக, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனால் அது வேறு நரம்பு, மணிக்கட்டின் நடுவில் போவது. மணிக்கட்டை மேல்நோக்கி மடித்துக்கொண்டு ஓட்டுபவர்களுக்கு அது வரும். அதனால்தான் முதலில் விரலைப் பாருங்கள் என்கிறேன். எந்த விரல் என்று தெரிந்தால் எதைத் திருத்த வேண்டும் என்பது பாதி தெரிந்த மாதிரி.

இப்போது ஜெல் விஷயம். கடையில் நின்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் சுகமாகத்தான் இருக்கும், அதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் ஒரு மணி நேரம் உடம்பின் பாரத்தைத் தாங்கும்போது மெத்தென்ற பொருள் எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே அமுங்கிப்போகும். பஞ்சு இறங்கிப்போன பழைய மெத்தையில் படுத்தால் பலகை முதுகில் முட்டுவது போல, கடைசியில் அதே குழாய்தான் அதே நரம்பில் முட்டும். அதோடு பிடி தடிமனாகி, தொளதொளவென்று ஆடுவதால் கை தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் முன்கை வலியும் சேர்ந்துகொள்ளும். நமக்கு வேண்டியது மெத்தென்ற பிடி இல்லை. பாரத்தை அகலமான இடத்தில் பரப்பித் தருகிற, ஓரளவு கெட்டியான பிடி. நான் இத்தனை நீளமாக எழுதுவதில் இந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டாலும் போதும்.

ஆனால் கிரிப்புக்குக் காசு செலவழிப்பதற்கு முன்னால் காசில்லாத வேலைகள் சில உண்டு. கையில் பாரம் ஏன் இவ்வளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும். சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி சீட்டின் மேல் ஒரு நேரான பலகையை வைத்துப் பாருங்கள், போனில் மட்டம் பார்க்கும் வசதி இருந்தால் அதையும் பலகைமேல் வைக்கலாம். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், அந்தப் பாரத்தைக் கைதான் தாங்கும். பழைய சைக்கிளை வாங்கி வருபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கதை, முன்பு வைத்திருந்தவர் அவர் உடம்புக்கு வைத்திருப்பார், அதை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சீட்டு மட்டமாக இருந்தும் கை நீட்டி எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் ஹேண்டில் தூரமாக இருக்கிறது அல்லது தாழ்வாக இருக்கிறது. ஹேண்டிலைச் சைக்கிளோடு பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு அடியிலும் மேலேயும் இருக்கும் வளையங்களை இடம் மாற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர்த்த முடியுமா என்று கடையில் கேளுங்கள். முன் டயரில் காற்று கல் மாதிரி இருந்தால் கொஞ்சம் இறக்குங்கள், டயரின் ஓரத்தில் எழுதியிருக்கும் குறைந்த அளவுக்குக் கீழே போகாமல். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில், அதுவும் லாரி ஏறி இறங்கி வரிவரியாகப் போன இடத்தில், நல்ல டயர் செய்கிற வேலையில் கால்வாசியைக் கூட எந்தக் கிரிப்பும் செய்யாது.

அப்புறம் பிரேக் லிவரின் சாய்வு. சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டி விரலை பிரேக்கின் மேல் வையுங்கள். முன்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் போக வேண்டும். லிவர் தரைக்குப் படுக்கையாக இருந்தால் மணிக்கட்டு மேலே மடங்கும், செங்குத்தாகத் தொங்கினால் கை முன்னால் உருளும். இதைத் திருத்த ஒரு அலன் கீ, அதாவது ஆறுமுனைத் திருகுச் சாவி, போதும்.

இதையெல்லாம் செய்து சில நாள் ஓட்டிப் பார்த்தும் விரல் மரத்தால், சரி, கிரிப்புக்கு வருவோம்.

உங்கள் மாதிரி நேரான ஹேண்டிலுக்கு, நீண்ட நேரம் உட்கார்ந்தே ஓட்டும் பழக்கத்துக்கு, நான் சொல்வது உள்ளங்கைப் பக்கம் இறக்கை மாதிரி அகன்று வருகிற கிரிப். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்து எர்கான் நிறுவனம் செய்கிற ஜிபி1 இந்த வகையில் பேர் பெற்றது, இப்போது அந்த வடிவத்தில் பல நிறுவனங்கள் செய்கின்றன. அந்த அகலமான பகுதி உள்ளங்கையின் அடிமேட்டைத் தாங்கிக்கொள்ளும், குயோன் கால்வாயின் மேல் விழும் பாரம் அக்கம்பக்கத்துக்குப் பரவும். மணிக்கட்டும் ஒரு பக்கமாக மடங்காது. ஆனால் கரடுமுரடான இறக்கத்தில் எழுந்து நின்று ஓட்டுபவர்களுக்கு, ஹேண்டிலைச் சுற்றிக் கையை நகர்த்த வேண்டியவர்களுக்கு, இந்த இறக்கை இடைஞ்சல்தான். அவர்களுக்கு வட்டமான கிரிப்பே நல்லது. நீங்கள் இரண்டு வகையிலும் ஓட்டுகிறீர்கள் என்றால் சின்ன இறக்கை உள்ள இடைப்பட்ட வடிவங்கள் வருகின்றன, அதைப் பாருங்கள்.

தடிமனைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். வட்டமான கிரிப்புகளின் வெளிவிட்டம் பெரும்பாலும் 29 மில்லிமீட்டரிலிருந்து 34 மில்லிமீட்டர் வரைக்கும் வரும். பிடித்துப் பார்த்தால் விரல் நுனிகள் உள்ளங்கையில் வந்து குத்தினால் பிடி மெலிசு. கையை மூட முடியாமல் விரிந்தே நின்று, பிரேக்கை எட்ட ஆள்காட்டி விரலை இழுக்க வேண்டியிருந்தால் தடிமன் அதிகம். சின்னக் கை உள்ளவர்கள், பெண்பிள்ளைகள், தடித்த கிரிப்பைச் சுகம் என்று நினைத்து வாங்கி அவதிப்படுவதுதான் அதிகம் நடக்கிறது. கையுறை போட்டு ஓட்டுபவராக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டே பிடித்துப் பாருங்கள், கையுறையின் தடிமனும் சேர்த்துத்தான் கணக்கு.

பொருளுக்கு வந்தால், நம் ஊர் வெயிலும் சாயங்கால மழையும் கணக்கில் வர வேண்டும். பஞ்சு போன்ற மலிவான ஃபோம் கிரிப் வியர்வையைக் குடித்து நாற்றமெடுக்கும், ஓரம் பிய்யும். சிலிக்கான் ஃபோம் வேறு ரகம், அமெரிக்காவின் இஎஸ்ஐ செய்வது மாதிரி. லேசானது, அதிர்வை நன்றாக உள்வாங்கும், வியர்வையிலும் பிடிமானம் இருக்கும், ஆனால் சைக்கிள் கீழே விழுந்தால் கிழியும். தோல் கிரிப் பார்க்க அழகு, நம் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளப் பொறுமை வேண்டும், எனக்கு அது இல்லை. தினசரி உழைப்புக்குக் கெட்டியான ரப்பர்தான் என் தேர்வு. ரொம்ப மென்மையான ரப்பர் கலவைகள் வெயிலில் நிறுத்தி நிறுத்தி நாளடைவில் கையில் ஒட்டும் பிசுபிசுப்பாகிவிடும்.

இந்தப் பிசுபிசுப்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்குப் புதிது இல்லை. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகளை நீங்கள் சைக்கிளில் போகிற அதே கோலாகங்சாரில்தான் நட்டார்கள், அந்தக் காலத்து மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்துப் பக்கம் இன்றும் நிற்கிறது, அடுத்த தடவை போனால் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பச்சை ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்ட பிறகுதான் அது டயருக்கும் கைப்பிடிக்கும் ஆகிற பொருளானது. இன்றைய கிரிப்புகளில் செயற்கை ரப்பர் வகைகள்தான் அதிகம், ஆனாலும் வெயிலுக்கும் எண்ணெய்க்கும் அவை படுகிற பாடு பழைய பாடுதான்.

மாட்டும் முறையில் இரண்டு வகை. ஒன்று இழுத்து மாட்டும் சாதாரணக் கிரிப், ரப்பரின் இறுக்கத்திலேயே நிற்பது. இன்னொன்று லாக்-ஆன், உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் குழலும் ஓரத்தில் திருகோடு வளையமும் இருக்கும். தோட்டத்துச் சாலையில் மழையில் ஓட்டுபவருக்கு லாக்-ஆன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஈரத்தில் கிரிப் சுழன்றால் ஹேண்டில் கையை விட்டுப் போகும், இறக்கத்தில் அப்படி ஆனால் பல்லுக்கு உத்தரவாதமில்லை. அதிலும் இறக்கை வைத்த கிரிப் சுழலவே கூடாது, அதனால்தான் அவை பெரும்பாலும் திருகோடே வருகின்றன. வெளி ஓரத்தில் உலோக வளையம் உள்ள லாக்-ஆன் சிலருக்கு உள்ளங்கை ஓரத்தில் குத்தும். ஹேண்டிலின் கடைசி முனை வரைக்கும் கை வைத்துப் பிடிப்பவராக இருந்தால் உள்பக்கம் மட்டும் திருகு உள்ளதைத் தேடுங்கள்.

வாங்கும் முன் மூன்று அளவு எடுங்கள். கிரிப் உட்காரும் இடத்தில் ஹேண்டிலின் விட்டம் நேரான ஹேண்டில்களில் பொதுவாக 22.2 மில்லிமீட்டர். நடுவில் ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் 25.4, 31.8 என்று இருக்கும், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள், கிரிப்புக்கு அது சம்பந்தமில்லை. இரண்டாவது, ஹேண்டில் முனையிலிருந்து பிரேக் வளையம் வரைக்கும் உள்ள நீளம். முழு நீளக் கிரிப்புகள் ஏறக்குறைய 130 மில்லிமீட்டர் நீளத்தில் வரும். மூன்றாவது, முறுக்கி கியர் மாற்றுகிற வகை உங்கள் சைக்கிளில் இருக்கிறதா என்பது. இருந்தால் அந்தப் பக்கத்துக்குக் குட்டைக் கிரிப் வேண்டும், இல்லாவிட்டால் மாட்டவே முடியாது. வளைந்த ரேசிங் ஹேண்டிலுக்கு இது எதுவும் பொருந்தாது, அதற்குச் சுற்றும் டேப்தான். விலை பத்து வெள்ளியில் தொடங்கி நூறு வெள்ளியைத் தாண்டியும் போகும். ஆன்லைனில் பேர் பெற்ற கிரிப் நம்ப முடியாத மலிவில் கிடைத்தால் அது பேர் மட்டும் போட்ட நகலாக இருக்கலாம், திருகு இரண்டாம் தடவையே வழுவழுத்துப் போகும்.

பழையதைக் கழற்றுவது. திருகு இருந்தால் கழற்றி உருவிவிடலாம். இழுத்து மாட்டியதாக இருந்தால் சத்தே இறைச்சி சுடும் மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, கூர்முனையைக் கொஞ்சம் மழுக்கி, கிரிப்புக்கும் குழாய்க்கும் நடுவில் மெதுவாகச் செலுத்துங்கள். அந்த இடைவெளியில் மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சம் விட்டு, குச்சியைச் சுற்றி ஓட்டி, கிரிப்பை முறுக்கினால் சுழன்றுகொண்டு வந்துவிடும். பக்கத்தில் காற்றடிக்கும் மெஷின் உள்ள மோட்டார் கடை இருந்தால் இன்னும் சுலபம், ஓரத்தைத் தூக்கிக் காற்றைப் பீய்ச்சினால் கிரிப் ஊதிக்கொண்டு தானாக நகரும். திரும்பப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள், கத்தி ரப்பரோடு நிற்கட்டும், உலோகத்தைக் கீற வேண்டாம். கார்பன் ஹேண்டிலாக இருந்தால் கத்தியைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

கழற்றியதும் குழாயை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து நன்றாகப் பாருங்கள். துரு, வெடிப்பு, வளைவு எல்லாம் இப்போதுதான் தெரியும். பழைய சைக்கிளை வாங்கியவருக்கு இந்த ஒரு நிமிஷம் முக்கியம். யாராவது ஹேண்டிலை அறுத்துக் குட்டையாக்கி இருந்தால் ஓரம் பிசிறாக இருக்கும், அரத்தால் தேய்த்து மழுக்குங்கள்.

சாதாரணக் கிரிப்பை மாட்டும்போது உள்ளே கொஞ்சம் ஆல்கஹால் விட்டு, வாயை விரலால் அடைத்துக் குலுக்கி, ஒரே மூச்சில் முனை வரைக்கும் தள்ளிவிடுங்கள். பாதியில் நின்று யோசித்தால் ஆல்கஹால் காய்ந்து அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஹேர் ஸ்பிரேயும் ஆகும், அது காய்ந்த பிறகு கொஞ்சம் ஒட்டும் தன்மை தரும். நம் ஈரக்காற்றுக்கு ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டு ஓட்டுவது நல்லது. பாத்திரம் கழுவும் சோப்பு, சமையல் எண்ணெய், டபிள்யூடி-40 எதுவும் வேண்டாம். மாட்டும்போது வழுக்கிக்கொண்டு போகும்தான், ஆனால் பிறகும் வழுக்கும், சோப்பு மழை பட்டதும் மறுபடி உயிர்பெறும். கைக்கழுவும் சானிடைசர் ஜெல்லிலும் கிளிசரின் சேர்ந்திருக்கும், அதுவும் ஆகாது. சிலர் பெட்ரோல் விட்டு மாட்டுவார்கள். அது ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும், தீப்பிடிக்கும் பயம் வேறு.

லாக்-ஆன் கிரிப்புக்கு எதுவும் தடவ வேண்டாம், குழாய் காய்ந்து சுத்தமாக இருந்தால் போதும். இடது வலது பார்த்து உள்ளே தள்ளி, முனை மூடியைப் பொருத்தி, திருகைக் கை இறுக்கத்துக்கு மட்டும் திருகுங்கள். பிறகு சீட்டில் உட்கார்ந்து, ஒருவரைச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கண்ணை மூடி இயல்பாகக் கையை வையுங்கள். இறக்கை உள்ளங்கையை முழுக்கத் தாங்க வேண்டும், மணிக்கட்டு மேலேயும் கீழேயும் மடங்கக் கூடாது. இறக்கையின் பின் ஓரம் தூக்கி நின்றால் மணிக்கட்டை மேலே தள்ளும், கீழே சாய்ந்தால் கை தாங்கல் இல்லாமல் சரியும். இந்தச் சாய்வை ஒரே தடவையில் பிடிக்க முடியாது. அலன் கீயைப் பையில் போட்டுக்கொண்டு பட்டணம் வரைக்கும் ஓட்டி, வழியில் நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். விலை உயர்ந்த கிரிப்பை வாங்கிவிட்டு ‘ஒன்றும் பிரயோஜனமில்லை’ என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களில் பலருக்குக் குறை இந்தச் சாய்வில்தான்.

திருகை எவ்வளவு இறுக்குவது? பல கிரிப்புகளில் 2 முதல் 5 நியூட்டன் மீட்டருக்குள் ஓர் எண்ணை வளையத்திலேயே பொறித்திருப்பார்கள், அதற்கு மேல் போகக் கூடாது. இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி இல்லாதவர்கள் அலன் கீயின் நீண்ட கையைத் திருகில் விட்டுக் குட்டைக் கையை விரலால் பிடித்து இறுக்கினால் அளவு மீறிப் போகாது. திருகின் மரையில் துளி கிரீஸ் வைத்தால் மழையில் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளாது, ஆனால் அந்தக் கிரீஸ் குழாயில் படக் கூடாது. கடைசியில் கையை நனைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பலமாக முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் ஓட்டாதீர்கள். முதல் வாரம் கழித்துத் திருகை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

நல்ல கிரிப் போட்ட பிறகும் ஒரே இடத்தில் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் மரக்கத்தான் செய்யும். அடிக்கடி கையை உதறுங்கள், பிடியை மாற்றுங்கள். கோலாகங்சார் வரைக்கும் போகிறவருக்கு முனையில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு வரும் பார்-எண்ட் நல்ல துணை, கைக்கு இன்னொரு நிலை கிடைக்கும்.

சைக்கிளை விட்டு இறங்கி ஒரு நாள் ஆன பிறகும் மரப்பு போகவில்லை, சாவி திருப்ப, சட்டைப் பொத்தான் போட விரலில் பலம் இல்லை என்றால் கிரிப் தேடாதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள். நம்மவர்களிடம் இனிப்புநீர், அதாவது நீரிழிவு, அதிகம், அதனாலும் விரல் மரக்கும், இரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அப்பாவின் சைக்கிளுக்கு வருகிறேன். கறுப்புச் சைக்கிளின் ஹேண்டில் பின்னோக்கி வளைந்து வருவது, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவது, அதனால் கையில் பாரமே அதிகம் விழாது. நேரான ஹேண்டிலுக்காகச் செய்த இறக்கைக் கிரிப் அதில் சரியான கோணத்தில் உட்காருவது கஷ்டம். கம்பி பிரேக் உள்ள பழைய வகையாக இருந்தால் ஹேண்டிலுக்கு அடியிலேயே பிரேக் கம்பி ஓடும், லாக்-ஆன் வளையம் அதில் இடிக்கவும் செய்யலாம். விட்டத்தை அளந்து பார்த்துவிட்டு, வட்டமான, கெட்டியான, நடுத்தரத் தடிமனுள்ள சாதாரண ரப்பர் கிரிப்பை ஆல்கஹால் விட்டு மாட்டிக்கொடுங்கள். பல வருஷம் பால் வெட்டுக் கத்தி பிடித்த கை, அவருக்கு எந்த விரல் மரக்கிறது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கேட்காமல் அவர் சொல்ல மாட்டார்.

இன்னொன்று, முனை மூடி. சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 தரத்திலேயே ஹேண்டில் முனைகள் மூடியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. மூடி இல்லாத குழாய் முனை, பிள்ளைகள் விழும்போது வயிற்றில் குத்தினால் உள்ளுறுப்பு வரைக்கும் காயப்படுத்தும். கிரிப் நுனி தேய்ந்து ஓட்டை விழுந்து குழாய் எட்டிப் பார்க்கும் சைக்கிள் வீட்டில் ஏதாவது இருந்தால், உங்கள் மவுண்டன் பைக் காத்திருக்கட்டும், முதல் ஜோடியை அதற்கு வாங்குங்கள்.